தேர்தல் முடிந்து துப்பாக்கி திரும்பும் வரை

மார்ச் 18, திங்கள்

தேர்தல் அறிவித்துவிட்டார்கள். சனிக்கிழமை செய்தியில் சொன்னார்கள், இன்று ஏட்டு சின்னமருதுவின் போன் வந்துவிட்டது.

"சார், ரெண்டையும் கொண்டாந்து ஸ்டேஷன்ல ஒப்படைச்சிருங்க. எஸ்.ஐ. அம்மா புதுசு. ரொம்பக் கறாரு."

ஒவ்வொரு தேர்தலுக்கும் இதே கூத்து. கள்ளத் துப்பாக்கி வைத்திருப்பவன் காலை நீட்டித் தூங்குவான். முறையாக லைசென்ஸ் வாங்கி, கெடு தவறாமல் புதுப்பித்து வைத்திருக்கும் இந்தக் குணசீலன் மட்டும் கைதி மாதிரி கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டும்.

என்னிடம் இருப்பவை இரண்டு. இரண்டும் பாயின்ட் டூ டூ அளவுத் தோட்டா. ஒன்று கைத்துப்பாக்கி. இன்னொன்று பெரியப்பா கப்பல் வேலையிலிருந்து வந்தபோது கொண்டுவந்த குட்டி ரைஃபிள். குழாயையும் விசைப் பகுதியையும் கழற்றி தோளில் ஊன்றும் அதன் கட்டைக்குள்ளேயே அடைத்து மூடிவிடலாம். தண்ணீரில் போட்டாலும் மிதக்கும். கப்பல் கவிழ்ந்து எங்காவது கரையொதுங்கியவன் முயலோ கொக்கோ சுட்டுத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று செய்தது. தோட்டா சுண்டுவிரல் நுனி அளவுதான். பொம்மை என்று சிரித்தவர்கள் உண்டு. வேலியில் நான் வைத்துச் சுடும் பால் டப்பாவை எடுத்து ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்த பிறகு யாரும் சிரிப்பதில்லை.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் வழக்கம்போல் செய்தித்தாளை விரித்து, எண்ணெய், கம்பி, துணி எல்லாம் வைத்து இரண்டையும் துடைத்தேன். எதிரே சந்திரமதி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். என் மனைவி சாப்பிடும்போது தலை நிமிர மாட்டாள். நல்ல பழக்கம். இன்று நிமிர்ந்தாள்.

"எப்பங்க திருப்பிக் கொடுப்பாங்க?"

"ஜூன் நாலு எண்ணிக்கை. அதுக்கப்புறம் ஒரு வாரம்."

"ஜூன்" என்று சொல்லிக்கொண்டாள். அவளுக்கு எதற்கு இந்தக் கணக்கெல்லாம்?

மார்ச் 20, புதன்

ஒப்படைத்தாயிற்று. ஸ்டேஷனில் ஒரு இளவட்டக் கான்ஸ்டபிள் என் கைத்துப்பாக்கியை வாங்கி, தோட்டா அடைக்கும் மேகசினை உருவிவிட்டு, காலி என்று மேசையில் வைத்தான். குழாய் எஸ்.ஐ. அம்மாவின் வயிற்றைப் பார்த்திருந்தது. எனக்கு வந்ததே கோபம்.

"தம்பி, மேகசினை உருவிட்டா காலின்னு யாரு சொன்னா? குழாய்க்குப் பின்னால சேம்பருக்குள்ள ஒரு தோட்டா உக்காந்திருக்கும். மொதல்ல அதைத் திறந்து கண்ணால பாரு, அப்புறம் விரலை விட்டுப் பாரு. முப்பது வருஷமா கையில வச்சிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், சேம்பரைப் பார்க்காம நான் துடைக்கிற துணியைத் தொட்டதில்ல."

ஸ்டேஷனே கைவேலையை விட்டுவிட்டுக் கேட்டது. எஸ்.ஐ. பிரிசில்லா என் மகள் வயசுதான் இருப்பாள். எழுந்து நின்று, "நல்லா சொன்னீங்க சார். ஏட்டய்யா, எல்லாரும் கேட்டுக்கிட்டீங்களா?" என்றாள். மரியாதை தெரிந்த பெண். ரசீது வாங்கிக்கொண்டு பஸ்ஸில் எஸ்டேட்டுக்கு மலையேறினேன். மடி வெறிச்சென்று இருந்தது.

மார்ச் 21, வியாழன்

காலையில் டப்பா சுடவில்லை. கை அரித்தது.

மார்ச் 25, திங்கள்

சமையல்கட்டில் பாட்டுச் சத்தம். ரேடியோ என்று நினைத்து, சத்தத்தைக் குறை என்று சொல்லப் போனேன். ரேடியோ இல்லை. சந்திரமதி.

கல்யாணமாகி முப்பத்திரண்டு வருஷம் ஆகிறது. இவள் பாடுவாள் என்று எனக்குத் தெரியாது. என்னைக் கண்டதும் நிறுத்திவிட்டு, "காபி வேணுமா?" என்றாள். முகத்தில் ஒரு தெளிவு. இந்த வயதில் ஒரு பெண் காரணம் இல்லாமல் பாட மாட்டாள். யார் போன் பண்ணினார்கள் என்று பார்த்தேன். மகள் சுபாஷினியின் நம்பர்தான் இருந்தது, மூன்று முறை.

மார்ச் 29, வெள்ளி

மேஸ்திரி ராக்கப்பன் இன்று படியேறி வராந்தாவுக்கே வந்துவிட்டான். இருபது வருஷமாகப் படிக்குக் கீழே நின்று பேசியவன்.

"முதலாளி, நாளைக்குப் பொம்பளையாளுக வேலைக்கு வராதுக. கட்சிக் கூட்டத்துக்குப் போகுதுக."

"மிளகு களத்துல கிடக்கு. மழை வந்தா எவன் அள்ளுவான்?"

"அதுக்கு என்னங்க பண்றது? போறேன்னுட்டாளுக. நான் பிடிச்சு வைக்க முடியுமா?"

என் கண்ணைப் பார்த்துச் சொன்னான். குளிர்விட்டுப் போய்விட்டது இவனுக்கு. காலையில் நான் வராந்தாவில் ரைஃபிளை மடியில் வைத்துக்கொண்டு உட்காருவது குரங்குக்காகத்தான். ஆனால் மனிதர்களும் ஓர் ஒழுங்கில் இருந்தார்கள் என்பது இப்போதுதான் தெரிகிறது.

ஏப்ரல் 2, செவ்வாய்

பலா மரத்தில் குரங்குக் கூட்டம். நான் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். சந்திரமதி வேலியோரம் கிடந்த என் பழைய டப்பா இரண்டைப் பொறுக்கி, ஒன்றோடொன்று தட்டிக்கொண்டே ஓடினாள். அத்தனை குரங்கும் ஓட்டம் பிடித்தன.

"ஏங்க, பார்த்தீங்களா? டப்பாவைத் தட்டுனாலே போயிருதுக!" மூச்சிரைக்கச் சிரித்தாள். டப்பாவின் ஓட்டையைச் சுண்டுவிரலால் தடவிக்கொண்டே உள்ளே போனாள்.

எனக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரல் 4, வியாழன்

மழை. காபிச் செடி பூத்துவிடும்.

ஏப்ரல் 7, ஞாயிறு

பழக்கதோஷம், ராத்திரி மேசையில் செய்தித்தாளை விரித்து எண்ணெய்ப் புட்டியை வைத்துவிட்டேன். அதுவரை ராக்கப்பன் பெண்டாட்டி கதையைச் சொல்லிக்கொண்டு சாப்பிட்ட சந்திரமதி நிறுத்தினாள். இப்போதெல்லாம் சாப்பிடும்போது பேச்சு நிற்பதே இல்லை.

"என்னத்தைத் துடைக்கப் போறீங்க?"

பதில் சொல்லாமல் புட்டியை எடுத்து உள்ளே வைத்தேன். திரும்பி வந்தபோது அவள் தன் நாற்காலியைச் சுவரிலிருந்து கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டிருந்தாள். தலைக்குப் பின்னால் காலண்டர் படபடத்தது. அவ்வளவு கீழே ஏன் மாட்டியிருக்கிறீர்கள் என்று வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். கண் தெரியவில்லை, உட்கார்ந்தபடியே தேதி பார்க்க வசதி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 12, வெள்ளி

சுபாஷினி ஓட்டுப் போட வருகிறாளாம். கோயம்புத்தூரில் வேலை. மூன்று தீபாவளிக்கு முன்னால் வந்தாள், மறுநாள் விடியும் முன்பே கிளம்பிவிட்டாள், லீவு இல்லையாம். அதன் பிறகு எட்டிப் பார்க்காதவளுக்கு திடீரென்று ஜனநாயகத்தின் மேல் பாசம் பொங்குகிறது. எதற்காக வருகிறாள்? எஸ்டேட் பத்திரத்தை பீரோவிலிருந்து எடுத்து என் தலையணை உறைக்குள் வைத்தேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

மூன்று பேரும் போய் ஓட்டுப் போட்டோம். வழியில் சந்திரமதியிடம் எந்தச் சின்னம் என்று வழக்கம்போல் சொன்னேன். வெளியே வந்ததும், "போட்டியா?" என்றேன்.

"யாருக்குன்னு சொல்லக் கூடாதுல்ல" என்று மை வைத்த விரலை ஆட்டிக் காட்டினாள். மகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பூத்தில் அத்தனை பேர் முன்னால் என்ன செய்வது? நானும் சிரித்து வைத்தேன்.

சாப்பிட உட்கார்ந்தபோது சுபாஷினி காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இங்கதான் தொங்குதாம்மா?"

"பேசாம சாப்பிடு."

"எப்படிம்மா தினமும் அதுக்கு முன்னாடி உக்காந்து சாப்பிடுற?"

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பொடி வைத்துப் பேசுவது என்றால் இதுதான். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அது தவறி நடந்தது. அந்தத் தீபாவளி ராத்திரி, தான் விரும்பும் பையனைப் பற்றி மகள் வாயைத் திறந்தாள். பெற்றவள் கண்டிக்காமல் எனக்கு எதிர்வாதம் பேசினாள். துடைத்துக்கொண்டிருக்கும்போது கை தவறிவிட்டது. அவ்வளவுதான். யாருக்கும் ஒரு கீறல் இல்லை. மறுநாளே காலண்டரை நான்தான் மாட்டினேன். வீடு என்றால் நாலும் இருக்கும்.

ஏப்ரல் 21, ஞாயிறு

ஒரு பையோடு வந்தவள் இரண்டு பையோடு போகிறாள். அம்மாவின் பட்டுச்சேலைகளைச் சலவைக்குக் கொடுக்கிறாளாம். கோயம்புத்தூர் வரைக்கும்! பத்திரம் தலையணைக்குள் பத்திரமாகத்தான் இருக்கிறது. பின்னே எதைக் குறி வைக்கிறார்கள்?

மே 9, வியாழன்

தையல்காரியிடம் ரவிக்கை வாங்கி வருகிறேன் என்று சந்திரமதி கீழே போனாள். அடுத்த பஸ்ஸில் நானும் போனேன். தையல் கடை இருப்பது கடைத்தெருவில். இவள் ஸ்டேஷன் இருக்கும் ரோட்டிலிருந்து வந்தாள், கூடவே ராக்கப்பன் பெண்டாட்டி. இருவரும் கரும்புச்சாறு குடித்தார்கள். இவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள், மற்றவள் முதுகைத் தடவிக் கொடுத்தாள். நான் பழக்கடை மறைவில் நின்று பார்த்தேன்.

வீட்டுக்கு வந்தவளிடம் ரவிக்கை எங்கே என்றேன். இன்னும் தைக்கவில்லையாம்.

சின்னமருதுவுக்குப் போன் போட்டேன். "ஏட்டய்யா, அம்மா ஸ்டேஷனுக்கு வந்தாங்களா?"

"எந்த அம்மா சார்? எஸ்.ஐ. அம்மாவா? ரவுண்ட்ஸ் போயிருக்காங்க."

முப்பது வருஷப் பழக்கம். தீபாவளிக்குத் தவறாமல் காபித்தூள் அனுப்புகிறேன். அவனும் என் காதில் பூச்சுற்றுகிறான்.

எனக்கு இப்போது ஓரளவு பிடிபடுகிறது. எஸ்டேட்டை விற்கச் சொல்லி மகள் தூண்டுகிறாள். ராக்கப்பன் ஆள் பார்க்கிறான். கையில் ஆயுதம் இல்லாத நேரம் பார்த்து எல்லோரும் சேர்ந்திருக்கிறார்கள். ஜூன் வரட்டும்.

மே 20, திங்கள்

இன்று நடந்ததை அப்படியே எழுதி வைக்கிறேன். பின்னால் யாரும் மாற்றிப் பேசக் கூடாது.

மத்தியானம் வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். சந்திரமதி வந்து தரையில் உட்காராமல் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்த ரெண்டையும் திருப்பி வாங்காதீங்க."

"எதை?"

"எதைன்னு உங்களுக்குத் தெரியும். ஸ்டேஷன்லயே விட்டுருங்க. இல்ல, வித்துருங்க. அது இல்லாத இந்த ரெண்டு மாசமாத்தான் நான் ராத்திரி தூங்குறேன்."

"தூங்க வேண்டியதுதானே, யாரு வேண்டாம்னது? அது இல்லேன்னா வீட்டுக்கு என்ன பாதுகாப்பு?"

"யாருகிட்டயிருந்துங்க பாதுகாப்பு?"

குடும்பப் பெண் கேட்கிற கேள்வியா இது? காட்டு மாடு, பன்றி, திருடன், ஆயிரம் இருக்கிறது. சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "முப்பது வருஷத்துல ஒரு திருடன் வந்திருக்கானா?" என்றாள்.

"துப்பாக்கி இருக்குன்னு தெரிஞ்சுதான் வரலை."

"சுபா வரலை. எங்க அண்ணன் வரலை. உங்க தங்கச்சி வரலை. யாருமே வரலைங்க." குரல் உடைந்தது, ஆனால் எழுந்து போகவில்லை. "நான் உங்களை விட்டுட்டுப் போகணும்னு நினைக்கல. அதுக மட்டும் திரும்ப வராட்டி நான் இங்கேயே இருந்துருவேன். பழசைப் பேச மாட்டேன். காலண்டரை எடுக்க மாட்டேன். சத்தியமாச் சொல்றேன்."

ஒரு நிமிஷம் எனக்கே ஒருமாதிரி இருந்தது. கையைப் பிடித்திருப்பேன். அப்போதுதான் மூளை வேலை செய்தது. ஆயுதத்தை விட்டுக்கொடு என்று சொல்லிக் கொடுத்து அனுப்பியது யார்? இது இவள் பேச்சே இல்லை. இவ்வளவு நீளமாக இவளுக்குப் பேச வராது.

"அப்பா காலத்து லைசென்ஸ். என் உயிர் இருக்கிற வரைக்கும் விட மாட்டேன். நான் யாரையாவது குறி வச்சிருக்கேனா? சொல்லு."

அவள் கொஞ்ச நேரம் பலா மரத்தைப் பார்த்துவிட்டு உலை வைக்க எழுந்து போனாள். பாட்டு இல்லை.

மே 27, திங்கள்

ராக்கப்பன் பெண்டாட்டிக்குக் கோழிகளைக் கொடுத்துவிட்டாள். தீனி போட முடியவில்லையாம்.

ஜூன் 4, செவ்வாய்

எண்ணிக்கை முடிந்தது. யார் ஜெயித்தால் எனக்கென்ன? மொச்சைக்கொட்டைக் குழம்பு வைத்திருந்தாள், எனக்குப் பிடித்த பக்குவத்தில். இரண்டாம் முறை சோறு போடும்போது கேட்டாள்.

"போய் வாங்கத்தான் போறீங்களா?"

"பின்னே?"

தலையை ஆட்டிக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது, மிளகாய் நெடியாக இருக்கும். அவள் நாற்காலி மறுபடியும் சுவரை ஒட்டிப் போயிருந்தது. பழைய ஒழுங்கு தானாகத் திரும்புகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 12, புதன்

எழுத்து கோணினாலும் எழுதுகிறேன்.

காலையில் ரசீதும் புது எண்ணெய்ப் புட்டியுமாகக் கிளம்பினேன். புட்டி எதற்கு என்று கேட்டாள். மூன்று மாதம் ஸ்டேஷன் அலமாரியில் கிடந்தது துருவேறியிருக்கும், அங்கேயே ஒரு துடை துடைத்து வாங்கினால்தான் மனசு ஆறும் என்றேன். "சரி, போயிட்டு வாங்க" என்று வாசல் வரை வந்தாள். அவள் வாசல் வரை வந்து பல வருஷம் இருக்கும். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஸ்டேஷனில் எஸ்.ஐ. பிரிசில்லா நாற்காலி போடச் சொன்னாள். சின்னமருது என் பக்கம் திரும்பவே இல்லை.

"சார், உங்க துப்பாக்கிங்களை இப்ப தர முடியாது. உங்க மனைவி மனு கொடுத்திருக்காங்க. லைசென்ஸை ரத்து பண்ணணும்னு கலெக்டர் ஆபீசுக்கு எழுதியிருக்கோம். விசாரணை முடியட்டும்."

"என் பெண்டாட்டியா? அவளுக்குக் கையெழுத்தே நடுங்கும்மா. யாரோ பிடிச்சு எழுத வச்சிருக்காங்க. இதெல்லாம் சொத்துக்காக..."

"சொத்து வேண்டாம்னு சொல்லிட்டாங்க சார். வீட்டுல துப்பாக்கி வேண்டாம்னு மட்டும்தான் சொல்றாங்க. சாப்பாட்டு மேசை சுவத்துல ஒரு ஓட்டை இருக்காமே?"

"அது விபத்து. தீபாவளிக்கு, துடைச்சுக்கிட்டிருக்கும்போது கை தவறிருச்சு."

"தோட்டா எப்படி உள்ள இருந்துச்சு?"

"மேகசினை உருவிட்டேன். சேம்பர்ல ஒண்ணு தங்கியிருந்திருக்கு. பார்க்க மறந்துட்டேன். யாருக்கும் நடக்கிறதுதானே?"

எஸ்.ஐ. மூலையில் நின்ற இளவட்டக் கான்ஸ்டபிளைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"சார், மார்ச்சுல இதே இடத்துல நின்னு இந்தத் தம்பிக்குப் பாடம் எடுத்தீங்க. முப்பது வருஷத்துல ஒரு நாள்கூட சேம்பரைப் பார்க்காம துணியைத் தொட்டதில்லைன்னு சொன்னீங்க. நாங்க எட்டுப் பேர் கேட்டோம். அன்னைக்குச் சொன்னதை எழுதிக்கவா, இன்னைக்குச் சொல்றதை எழுதிக்கவா?"

கையிலிருந்த ரசீதை நாலாக மடித்தேன். சின்னமருது ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தான், அப்போதும் முகத்தைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில வீட்டுக்கு வர்றோம் சார். சுவத்தைப் பார்க்கணும்" என்றாள் எஸ்.ஐ.

கடைத்தெருவில் வெள்ளை சிமென்ட் ஒரு பொட்டலம் வாங்கினேன். வீட்டு வேலைக்கு ஆயிரம் தேவை இருக்கிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்தேன். கதவு சாத்தியிருந்தது, பூட்டவில்லை. சமையல்கட்டில் குழம்பு மூடி வைத்திருந்தது, இன்னும் சூடு ஆறவில்லை. சந்திரமதி இல்லை. பீரோவில் அவள் துணிகள் இல்லை. தலையணைக்குள் பத்திரம் இருந்தது, யாரும் தொடவில்லை.

மேசையில் காலண்டரைக் கழற்றி வைத்திருந்தாள். கிழிக்கவில்லை, இன்றைய தேதி மேலே இருந்தது. பக்கத்தில் ஆணி. ஆணியைக்கூடப் பிடுங்கி வைத்திருந்தாள்.

ராக்கப்பனைக் கூப்பிட்டேன். படியேறி வந்து நின்றான்.

"சுபாம்மா கார் எடுத்துக்கிட்டு வந்துச்சுங்க, முதலாளி. அம்மா அழுதுக்கிட்டேதான் போனாங்க."

ஜூன் 13, வியாழன்

விடிந்ததும் ஒரு டம்ளரில் வெள்ளை சிமென்டைக் குழைத்தேன். சுவர் நீலச் சுண்ணாம்பு. இது வெள்ளையாகத்தான் தெரியும், ஆனாலும் ஓட்டைக்கு இது பரவாயில்லை. துப்பாக்கி துடைக்கும் கம்பியை எடுத்துக்கொண்டேன், நுனியால் திணிக்க வசதி. குனிந்து செய்ய முழங்கால் விடவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அந்த நாற்காலியில் நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. அங்கிருந்து பார்த்தால் முதலில் தெரிவது என் இடம்தான். எண்ணெய்க் கறை பிடித்த மேசை விளிம்பு, நான் கையை ஊன்றும் பக்கம். மேசை அகலமானது என்று நினைத்திருந்தேன். கையை நீட்டினால் எட்டிவிடுகிறது.

கழுத்தைத் திருப்பினேன். ஓட்டை என் தாடைக்கு நேராக இருந்தது, நாலு விரல் தள்ளி.

சந்திரமதி என்னைவிடக் குள்ளம்.

இந்த மூன்று வருஷமாக அவள் காலையும் ராத்திரியும் இங்கேதான் சாப்பிட்டாள். நான் எதிரே உட்கார்ந்து எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். என் நாற்காலியிலிருந்து பார்த்தபோதெல்லாம் அது வெறும் சுவரில்தான் இருந்தது.

ஜீப் சத்தம் கேட்கிறது. சிமென்ட் டம்ளரிலேயே இறுகிவிட்டது. கம்பி அதற்குள் நட்டுக்கொண்டு நிற்கிறது, உருவ வரவில்லை. படியில் பூட்ஸ் சத்தம். எஸ்.ஐ. அம்மா சார் சார் என்று கூப்பிடுகிறாள். கதவு திறந்துதான் இருக்கிறது. நான் இந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.